நீர்வாயிலில் செல்லாத முறி

நெடுநீராற்றின் இரு கரையும் ஒரே குடையின் நிழலில் வாழ, வெண்குன்றூர்ப் பெரிய அரண்மனையில் வீற்றிருக்கும் பெருவேள் வெண்மாறர் திருமுகம். மறுகரைச் சீமையின் தலைவியும், மருந்து விளையும் மலைக்காடுகளின் காவலரும், நம் தந்தையார் காலந்தொட்டு இவ்வீட்டுக்கு மூத்த உறவுமாகிய அல்லியங்கோதையார் காண்க. உங்கள் காடுகளில் பருவம் தவறாது மழை பெய்க. உங்கள் ஊர்களின் அடுப்புகள் அணையாதிருக்க. உங்கள் சொல் உங்கள் மக்களிடத்தில் நிலைக்க.

நம் வாழ்த்தை நீங்கள் நம்புவதற்கு இப்போது காரணம் குறைவு என்பதை அறிவோம். உங்கள் சீமைக் குறும்பொறையில் வாழும் பதுமனாரை ஓடுகாலி என்று பறையறைவித்ததும், அவர் மனைவி செண்பகத்தை வெளியே நிறுத்தி அவர் வீட்டுக் கதவில் அரக்கு வைப்பித்ததும் நம் ஆணையே. அந்த ஆணை எப்படிப் பிறந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். நம் ஓலைச்சாலைத் தலைவராகிய ஓலைநாயகம் விழுப்பரையர் நம் முன் நின்று சொன்னதையே இங்கு எழுதுகிறோம். ஆட்கள் பேசியதை அரண்மனைச் சொல்லாக மாற்றாமல், பேசியபடியே எழுதுமாறு எழுத்தருக்குச் சொல்லியிருக்கிறோம்.

நீர்வாயில் மணி அடித்தது. காலை வேளை. விழுப்பரையர் இலையின் முன் அமர்ந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அந்த மணி ஒருமுறை அடித்தால் தலைநகரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரோ ஒருவருடைய கடவுமுறி செல்லவில்லை என்று பொருள், அவ்வளவுதான். முந்தின நாள்கூட நண்பகலில் ஒருமுறையும் பொழுது சாயும் வேளையில் ஒருமுறையும் அடித்திருந்தது. இரண்டாம் முறை அடித்தபோது விழுப்பரையர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்; கேட்டார், மறந்தார். இன்றோ அது நிற்கவே இல்லை. பகைவர் பாலத்தில் ஏறிவிட்டார்கள் என்று எண்ணி வேற்படையினர் பாதிக் கச்சையோடு ஓடினார்கள். விழுப்பரையர் கை கழுவாமலே குதிரை ஏறினார்.

பாலத்தின் மறுகோடியில் பகைவர் யாரும் இல்லை. மருந்து வண்டிகள் நின்றன. நம் கரையில் ஆலந்துறையிலும் அதை அடுத்த ஊர்களிலும் காய்ச்சல் பரவியிருந்ததால், உங்கள் மலையூர் குறும்பொறையிலிருந்து வேரும் பட்டையும் ஏற்றி, வழியில் எங்கும் மாட்டை அவிழ்க்காமல் ஓட்டி வந்த வண்டிகள் அவை. மூடிய கதவுக்கு அப்பால், தூறலில், மாடுகள் வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்காரரும் தம் முறியைக் கதவிலுள்ள சிறு கைவாயில் வழியே நீட்ட, ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தது.

முறி என்பது என்ன, அதை யார் கொண்டுவந்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். எனினும் இவ்வோலை உங்கள் சபையில் படிக்கப்படும் என்பதால் சுருங்கச் சொல்கிறோம். பொய் முத்திரைகளால் நாடு பட்ட துன்பத்துக்கு முடிவு காண விழுப்பரையர் கோட்டெழுத்தைக் கண்டார். எந்தச் சரக்கு, எவ்வளவு, யார் அனுப்பியது என்று அறிக்கைச்சாலையில் ஓலை எழுதுவார்கள். அவ்வோலையின் எண்ணை ஒரு மூங்கிற்பட்டையில் தடித்தும் மெலிந்தும் நிற்கும் கோடுகளாகச் சுட்டு, ஓலையோடு கோத்துவிடுவார்கள்; அதுவே முறி. வாயிலில் உள்ள பித்தளைப் பெட்டிக்குள் சீப்புப்போல் பற்கள் உண்டு. பட்டையை உள்ளே தள்ளினால் அந்தப் பற்கள் கோட்டுப் பள்ளங்களில் இறங்கும். எண் பொருந்தினால் தாழ் விலகும். பொருந்தாவிட்டால் மணி அடிக்கும். மனிதக் கண் அந்தக் கோடுகளைப் படிக்காது. ஆகவே மனிதக் கை அவற்றைப் பொய்யாக எழுதவும் முடியாது.

நம் சபையில் அவர் இதைச் செய்து காட்டிய நாளில் அவர் நீட்டிய பட்டை ஒவ்வொன்றும் தாழைத் திறந்தது. நாம் கைதட்டினோம்; நம் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி அவருக்கு இட்டோம். அவை யாவும் அவருடைய சாலையில், அவருடைய ஆட்கள், அவர் கண்முன் சுட்ட பட்டைகள் என்பது அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்பு வெளியூர் அறிக்கைச்சாலைகளுக்கு ஆணை போயிற்று. ஆணைதான் போயிற்று, கோடு சுடும் அச்சுக்கட்டைகள் போகவில்லை. கோட்டச்சு இல்லாத சாலைகளில் ஆட்கள் கைக்குக் கிடைத்த எழுத்தச்சை எடுத்து எண்ணை எண்ணாகவே சுட்டு அனுப்பினார்கள். எல்லா வாயில்களிலும் மணி அடித்தது. நகரம் சிரித்தது. விழுப்பரையர் சினந்து, ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பை கோட்டச்சு அனுப்பி, உடன் ஒரு நெறியோலையும் வைத்தார். தொடக்கக்கோடும் முடிவுக்கோடும் மறவற்க, பட்டையின் இடப்புறம் இரு விரல் வெற்றிடம் விடுக என்பது அதன் சாரம். ஏன் விட வேண்டும் என்று அதில் இல்லை. ஆணைக்குக் காரணம் எழுதும் வழக்கம் நம் ஓலைச்சாலையில் இல்லை.

இனி வாயிலுக்கு வருவோம். வாயிற்காவலன் வயிரன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"கதவைத் திற, வயிரா," என்றார் விழுப்பரையர்.

"முறி சொல்லலைங்க."

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. வேலைக்குச் சேர்ந்தப்ப கையில அடிச்சு சத்தியம் வாங்கினீங்க. மன்னரே வந்து நின்னாலும் பொட்டிதான் பேசணும்னீங்க."

அந்தச் சொற்களை எழுதி, அவையில் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டியவர் அவரே.

கைவாயிலில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. முன்வண்டியை ஓட்டி வந்த பிடாரி. "ஏன்யா, பெரிய மனுசன் சொன்னா திறக்காது, சின்ன மனுசன் சொன்னா திறக்காது. வேற யாரு சொன்னாத்தான் திறக்கும்? இந்தப் பித்தளைப் பொட்டிக்குப் பெண்டாட்டி இருந்தா கூட்டியாங்க, அவகிட்டக் கேட்டுக்கிறேன்."

வேற்படையினர் சிரித்தார்கள். விழுப்பரையர் சிரிக்கவில்லை. தலைநகர் முறிகள் செல்கின்றன, பிற சாலைகளின் முறிகளும் இப்போது செல்கின்றன, குறும்பொறை முறி மட்டும் செல்லவில்லை என்றால் அங்கே எவனோ வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்று அவர் மனம் முடிவு கட்டிவிட்டது.

"உங்க சாலைத் தலைவன் எங்கே?" என்று கேட்டார்.

"பதுமனா? நேத்துப் பிற்பகல்லயே அச்சுப் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஆளுங்களோட ஏதோ வாக்குவாதம். எங்க போறேன்னு யாருகிட்டயும் சொல்லலை."

விழுப்பரையர் வயிரன் பக்கம் திரும்பினார். "குறும்பொறைப் பதுமன்னு ஒருத்தன் நேத்து இந்த வாயிலைக் கடந்தானா?"

"அப்படி யாரும் கடக்கலைங்க," என்றான் வயிரன். அது உண்மை.

அந்த நேரத்தில் பாலத்தின் கீழே மீனவர்கள் இருவர் ஒரு பரிசலை இழுத்து வர, விழுப்பரையர் இறங்கிப் போய்ப் பார்த்தார். கவிழ்ந்து, கீழ்த்துறை நாணலில் சிக்கிக் கிடந்ததாம். அதன் விளிம்பில் இறுகக் கட்டியிருந்த தோற்பையில் அரண்மனைக் கோட்டச்சுக் கட்டைகள் இருந்தன. ஆடி மாதத்து ஆற்றில், வாயில் இல்லாத வழியில், அரசின் அச்சோடு ஒருவன் போயிருக்கிறான். விழுப்பரையருக்கு அதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்றபடி நமக்கு ஓலை எழுதினார், நாம் படித்தோம், குதிரை ஏறிய தூதர்கள் தலைநகர் முறியோடு அதே வாயிலைத் தடையின்றிக் கடந்து குறும்பொறைக்குப் போனார்கள்.

பதுமனார் மறுகரைப் பெண்ணை மணந்து அந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர் என்பதும், ஊரில் ஒருவரும் அவரைப் பற்றிக் குறை சொன்னதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அரக்கு வைத்தபோது செண்பகம் அழவில்லை என்று தூதர்கள் வந்து சொன்னார்கள். "அவர் தலைநகருக்குத்தான் போனார். பெரியவங்களைப் பார்த்து ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்னார்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். வாயிலைக் கடக்காதவன் தலைநகருக்கு எப்படிப் போவான் என்று நம் ஆட்கள் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள்.

வண்டிகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. வயிரன் கதவிலிருந்து நகரவில்லை. விழுப்பரையர் கடைசியாக, காலையிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். பிடாரியின் முறியைக் கையில் வாங்கி, தம் இடுப்பிலிருந்த தலைநகர் முறியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கோடுகளில் குற்றமே இல்லை. தலைநகரில் சுட்டதைவிடத் திருத்தமாக இருந்தன. ஆனால் இடப்புறம் இரு விரல் வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலச் சுழி அழகாகச் சுடப்பட்டிருந்தது. அடுத்த முறியிலும் சுழி. அதற்கடுத்ததிலும் சுழி.

எழுத்து எங்கே தொடங்குகிறது என்று பெட்டியின் பற்கள் அறிவதற்காகவே அந்த வெற்றிடம். வெறும் மூங்கிலைத் தடவி வந்து முதற்கோட்டில் விழ வேண்டிய பல், சுழியிலேயே விழுந்துவிட்டது. அதன்பின் எல்லா எண்ணும் பிறழ்ந்தது. சுழியை ஒரு கோடாக எண்ணிக்கொண்டு, இல்லாத எண்ணைப் படித்து, பெட்டி மணியை அடித்தது.

அவர் கத்தியை எடுத்துச் சுழியைச் சுரண்டத் தொடங்கினார்.

"ஐயா, கையை எடுங்க," என்றாள் பிடாரி. காலையிலிருந்து கேலி பேசியவளின் குரல் இப்போது வேறாக இருந்தது. "அதைச் சுரண்டினீங்கன்னா இந்த வண்டியை நான் ஓட்ட மாட்டேன்."

"ஏன்?"

"எங்க பக்கத்துல முன்னாடி இடம் விட்டு எழுதற ஓலை ஒண்ணே ஒண்ணுதான். சாவோலை. சுழி போடாம, வெறும் இடத்தோட ஒரு ஓலை வீட்டுக்கு வந்தா, படிக்கவே வேண்டாம், அப்பவே அழ ஆரம்பிச்சுடுவோம். காய்ச்சல்ல படுத்திருக்கிறவன் வீட்டுக்கு மருந்தையும் கொடுத்து, கூடவே சாவோலையையும் கொடுக்கச் சொல்றீங்களா?"

மறுகரைச் சீமையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. எங்கள் ஓலைச்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. குறும்பொறை ஆட்கள் எதையும் கெடுக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகும் முறியில் சாவின் அடையாளத்தை வைக்க அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த வெற்றிடத்தை மங்கலத்தால் நிரப்பினார்கள். எதற்காக அந்த இடம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்களே ஒரு வழி கண்டிருப்பார்கள்.

விழுப்பரையர் கத்தியை உறையில் போட்டார். தூறலில் நின்றபடி அவரும் பிடாரியும் சந்தையில் பேரம் பேசுவதுபோல் பேசினார்கள். சுழியைப் பட்டையின் முதுகில் சுடலாமா என்றார் அவர். மங்கலத்தை முதுகில் வைப்பார்களா என்றாள் அவள். கோட்டின் முடிவில் சுடலாமா என்றார். கடைசியில் போடுவது எப்படித் தொடக்கமாகும் என்றாள். முடிவில், பட்டைக்கு முன்னால் மஞ்சள் தடவிய ஒரு சிற்றோலையில் சுழி எழுதி நூலால் கட்டித் தொங்கவிடுவது என்று ஒப்பினார்கள். சுழி முதலில் வரும்; இடமும் வெறுமையாக இருக்கும்; சிற்றோலை பெட்டிக்கு வெளியே தொங்கும். சுழியைச் சுரண்டும்போது பிடாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிற்றோலையைக் கட்டியபின் தானே வாங்கி நீட்டினாள்.

தாழ் விலகியது.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள். "இதைக் காலையிலேயே கேட்டிருந்தா மாடாவது நனையாம இருந்திருக்கும்."

மாடுகள் மட்டுமல்ல. மருந்து ஆலந்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சில வீடுகளில் அது தேவைப்படவில்லை. அவ்வீடுகளுக்கு விழுப்பரையர் தாமே நடந்து போனார். என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

மறுநாள் குறும்பொறையிலிருந்து முழுச் செய்தியும் வந்தது. வண்டிகளுக்கு முன்னதாக அனுப்பிய முதல் வண்டி, செல்லாத முறியோடு திரும்பி வந்திருக்கிறது. பட்டையைப் பார்த்ததும் பதுமனார் தவறு சுழியில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, சுழியை எடுங்கள் என்றிருக்கிறார். ஆட்கள் மறுத்து, உன் பிள்ளை படுத்திருந்தால் இப்படிச் சொல்வாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார். தலைவர் இல்லாத சாலையில், காய்ச்சலின் அவசரத்தில், மற்ற வண்டிகள் அதே முறிகளோடு புறப்பட்டுவிட்டன.

விழுப்பரையர் கடகத்தைக் கழற்றி நம் காலடியில் வைத்தார். தவறு பதுமனுடையது அன்று என்றார். எனினும் பதுமனார் ஏன் அரசின் அச்சோடு ஆற்றில் இறங்கினார் என்று நாம் கேட்டோம். என் சினத்துக்கு அஞ்சி ஓடியிருப்பார், ஆட்களுக்கும் எனக்கும் நடுவில் வேறு வழி தெரிந்திராது என்று சொல்லித் தலை கவிழ்ந்தார். நாமும் அவ்வாறே கொண்டோம்.

ஆகவே நம் ஆணை கேட்க. குறும்பொறைப் பதுமனார் மேல் அறைந்த பறையை, அறைந்த ஒவ்வொரு தெருவிலும் மீண்டும் அறைந்து விலக்குக. அவர் வீட்டு அரக்கை உங்கள் கையால் உடைத்துச் செண்பகத்தை உள்ளே அழைத்துச் செல்க. அரசின் அச்சோடு அஞ்சி ஓடிய குற்றத்தை மன்னித்தோம். அவர் எங்கிருப்பினும் அச்சமின்றித் திரும்பி வருக. உங்கள் சீமையிலிருந்து வரும் முறிகளில் இனி மஞ்சட் சிற்றோலை முன்வர, அதன்பின் வெற்றிடம் நிற்க. இனி நம் ஓலைச்சாலையிலிருந்து புறப்படும் எந்த நெறியோலையும், செய்க என்பதோடு ஏன் என்பதையும் சொல்லியே புறப்படுக. அச்சுப் பையை இவ்வோலையுடன் திருப்பி அனுப்புகிறோம். விழுப்பரையரே சுமந்து வருகிறார்.

ஆற்றையும் மலையையும் சாட்சியாக்கி, அரக்கு உருக்கி, வெண்குன்ற முத்திரை பதித்தோம். கண்டவர் நடத்துக, நடத்தியவர் வாழ்க.

முத்திரைக்குப் பின் எழுதியது.

இவ்வோலை நீர்வாயில் வரை போய்த் திரும்பி வந்தது. விழுப்பரையர் பையைத் தோளிலிருந்து இறக்கி, முறியை நீட்ட, தாழ் விலகியது. அப்போது வயிரன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பின்பு ஒன்று சொன்னானாம். விழுப்பரையர் வாயிலைக் கடக்காமல் திரும்பி, நடந்தே அரண்மனைக்கு வந்து, அதை நம்மிடம் சொன்னார்.

மேலே 'அஞ்சி ஓடிய குற்றத்தை மன்னித்தோம்' என்று எழுதிய வரியை எழுத்தாணியால் கீறிவிட்டோம். ஓலையில் கீறியது மறையாது. மறைய வேண்டாம் என்றே வேறு ஓலை எழுதவில்லை. கீறலோடே உங்கள் சபையில் படிக்கப்படுக. ஆற்றின் இரு கரையிலும் கடல்வாய் வரை ஆள் போயிருக்கிறது. அவர்கள் எதைக் கொண்டு வந்தாலும் முதலில் செண்பகத்திடம்தான் கொண்டு வருவார்கள். வீட்டின் அரக்கை உடைக்கும்போது, அவர் சொன்னதே மெய் என்று ஊர் கேட்கச் சொல்க. வயிரன் சொன்னதையும் சொல்க.

"இந்தப் பைக்காரரு வண்டிங்க வர்றதுக்கு முந்தின நாள் பொழுது சாய வந்தாருங்க, முறியிலதான் கோளாறு, அதைச் சொல்லத்தான் பெரியவரைப் பார்க்கப் போறேன்னாரு, ஆனா அவர் முறியும் செல்லலை, நான்தான் திருப்பி அனுப்பினேன்."